திருடர் படமா, அனுமதிச் சீட்டா? வைரஸ் தடுப்பில் தலைகீழான ஒரு பட்டியல்

மதுரை கே.கே. நகரில், மாவட்ட நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையின் கணினிகளைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். மூன்று கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், ஒரு பெரிய நகல் இயந்திரம், வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லச் சொல்ல அஃபிடவிட் அடிக்கும் ஒரு பெண் என்று கடை சிறியதுதான். ஆனால் ஒரு நாளைக்கு அங்கே செருகப்படும் பென் டிரைவ்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கல்லூரி ஆய்வகத்தில் செருகியது, ஊர் நூலகத்தில் செருகியது, சித்தப்பாவின் பழைய லேப்டாப்பில் செருகியது என எல்லாம் அந்தக் கடையில் வந்து கூடுகின்றன.

ஒரு நாள் மதியம் ஒரு மாணவர் பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வந்தார். பென் டிரைவைத் திறந்தபோது உள்ளே இருந்த எல்லாக் கோப்புறைகளின் இடது ஓரத்திலும் வளைந்த சிறிய அம்புக்குறி ஒன்று தெரிந்தது. கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். “தம்பி, இதைக் கடைசியா எங்க செருகுனீங்க?” என்று கேட்டார். “காலேஜ் லேப்லண்ணே” என்று பதில் வந்தது. “எடுத்துருங்க, வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தட்டச்சு செய்யும் பெண் ஒரு கோப்புறையை இருமுறை சொடுக்கிவிட்டார். அன்று மாலைக்குள் மூன்று கணினிகளிலும் அதே அம்புக்குறி வந்துவிட்டது.

இந்த வகை வைரஸின் தந்திரம் எளிமையானது. உண்மையான கோப்புறைகளை அது அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்துடன் ஷார்ட்கட்டுகளை, அதாவது சொடுக்கினால் வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழிகளை, அவற்றின் இடத்தில் வைக்கிறது. அதைச் சொடுக்கும்போது முதலில் மறைந்திருக்கும் நிரல் ஓடிக் கணினிக்குள் தன்னைப் பதித்துக்கொள்கிறது. பிறகு உண்மையான கோப்புறையும் திறக்கிறது. கேட்டது கிடைத்துவிடுவதால் சொடுக்கியவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. அதன்பின் அந்தக் கணினியில் யார் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதிலும் இதே வேலை நடக்கும். கடைக் கணினியில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தது. சந்தா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்தாவைப் புதுப்பித்திருந்தால் மட்டும் போதுமா என்று கடைக்காரர் கேட்டபோது என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நமக்குப் பழகிய ஆன்டிவைரஸ் அடிப்படையில் ஒரு குற்றவாளிப் பட்டியல். ஒரு வைரஸ் பிடிபட்டதும் அதன் நிரலில் உள்ள தனித்த அடையாளம் ஒன்றை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள்; கணினிக்குள் வரும் ஒவ்வொரு கோப்பும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படும். பாகிஸ்தானின் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதி 1986இல் பரவிய ‘பிரெயின்’ வைரஸின் காலத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். அந்த வைரஸுக்குள் அவர்கள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள். இதைவிடத் தெளிவான அடையாளத்தை எந்தக் காவலரும் எதிர்பார்க்க முடியாது. நம் நாட்டில் 1990இல் தலைகாட்டிய ‘ஜோஷி’ வைரஸ், ஆண்டுதோறும் ஜனவரி 5 அன்று, பயனர் ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று தட்டச்சு செய்யும்வரை கணினியை நகரவிடாமல் நிறுத்தி வைத்தது. சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1991இல் தொடங்கியதும், கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கரும் அவருடைய தம்பி சஞ்சயும் புனேயில் குயிக் ஹீல் ஆன்டிவைரஸை வளர்த்ததும் இந்த ஃபிளாப்பிக் காலத்தின் தேவையால்தான். மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பித்தாலே அப்போது போதுமானதாக இருந்தது.

இன்று ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஒரு நாளைக்கு 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. அத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரே வைரஸ் ஒவ்வொரு முறை பரவும்போதும் தன் நிரலைக் கலைத்து அடுக்கிக்கொள்ள, ஒவ்வொன்றும் புதிய முகமாகப் பட்டியலுக்கு வருகிறது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. நிரலின் முகத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்ப்பது, இயந்திரக் கற்றலைக் கொண்டு ஊகிப்பது என்று அவை எவ்வளவோ தூரம் வந்துவிட்டன. இருந்தாலும் அடிக்கேள்வி மாறவில்லை: ‘இது கெட்டதா?’

அந்தக் கேள்விக்கு எப்போதும் சரியான விடை சொல்லும் நிரல் ஒன்றை எழுதவே முடியாது என்பதை ஃப்ரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் 1984லேயே காட்டிவிட்டார். கணினி தொடர்பாக ‘வைரஸ்’ என்ற சொல்லை ஆய்வுலகில் நிலைக்கச் செய்தவர் அவர்தான். அவருடைய வாதத்தை ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தே விளக்கிவிடலாம். எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரல் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது உங்கள் நிரலையே கூப்பிட்டு ‘நான் வைரஸா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். ‘இல்லை’ என்றால் பரவத் தொடங்கும். உங்கள் நிரல் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தவறாகிவிடுகிறது.

சிறிய மென்பொருள் நிறுவனங்கள் சில எடுத்த மாற்று வழி இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. அவை கேள்வியைத் திருப்பிப் போட்டன: ‘இது கெட்டதா?’ என்பதற்குப் பதில் ‘இதை நாம் அழைத்தோமா?’

மதுரைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சித்திரைத் திருவிழாவே சொல்லிக் கொடுத்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் நிற்கும் லட்சக்கணக்கானோரில் யார் உள்ளே வரலாம் என்று பார்க்க முடியாது. பழைய ஜேப்படித் திருடர்களின் முகம் தெரிந்த போலீசார் மஃப்டியில் கூட்டத்துக்குள் நிற்பார்கள். தெரிந்த முகம் கண்ணில் பட்டால் பிடிப்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன் தப்பிவிடுவான். மீனாட்சி திருக்கல்யாணத்தின் முன்வரிசைப் பந்தல் அப்படியல்ல. அங்கே சீட்டோ பாஸோ இல்லாதவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே கிடையாது. சீட்டு இல்லை என்றால் இடமில்லை, அவ்வளவுதான்.

கணினியில் இந்தச் சீட்டு இரண்டு வகைப்படும். முதல் வகை, ஹேஷ் எனப்படும் சுருக்கக் குறியீடு. எவ்வளவு பெரிய நிரலாக இருந்தாலும், அதை எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்குக்குள் விட்டால் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு வெளியே வரும். நிரலில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு முழுவதும் வேறாகிவிடும். அனுமதித்த நிரல்களின் குறியீடுகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, எந்த நிரல் ஓட முயன்றாலும் அதன் குறியீட்டைக் கணித்து, பட்டியலில் இருந்தால் மட்டும் விடலாம். இதன் தொல்லை, நல்ல நிரலும் மாறிக்கொண்டே இருப்பதுதான். குரோம் உலாவி சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் புதிய குறியீடு தேவை. அதற்காக இரண்டாவது வகைச் சீட்டு உண்டு: நிரலை வெளியிட்ட நிறுவனத்தின் மின்கையொப்பம். கூகுள் கையொப்பமிட்ட குரோம் எந்தப் பதிப்பாக இருந்தாலும் விடலாம் என்று ஒரே வரியில் விதி எழுதிவிடலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2002இல் தொடங்கிய பிட்9 என்ற சிறு நிறுவனம் இந்த அனுமதிப் பட்டியலையே தன் முழுத் தொழிலாக எடுத்துக்கொண்டது. அதே வழியில் நடந்த சாலிட்கோர் என்ற மற்றொரு சிறு நிறுவனத்தை 2009இல் பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்கஃபி வாங்கியது. ஆண்டுச் சந்தாவுக்குக் குற்றவாளிப் பட்டியலை விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு, பட்டியலே வேண்டாம் என்ற எண்ணம் உள்ளிருந்து வருவது கடினம்; வெளியே இருந்த சிறியவர்களுக்குத்தான் அது எளிதாக இருந்தது என்பது என் கணிப்பு. கடையில் பில் போடும் இயந்திரங்களும் ஏ.டி.எம்.களும் இந்த முறை நன்றாகப் பொருந்திய இடங்கள். ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு விண்டோஸ் கணினிதான். ஆனால் அதில் ஓட வேண்டிய நிரல்கள் எவை என்பது முன்கூட்டியே தெரியும், அங்கே யாரும் உட்கார்ந்து புதிய விளையாட்டு இறக்கிப் பார்க்கப் போவதில்லை. ஆஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் நிறுவனங்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று வகுத்த எட்டில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது.

கே.கே. நகர் ஜெராக்ஸ் கடைக் கணினியும் வீட்டுக் கணினியைவிட ஏ.டி.எம்.முக்கே நெருங்கிய உறவு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அங்கே என்னென்ன நிரல்கள் வேண்டும் என்று ஒரு மாலையில் கடைக்காரரும் நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். வேர்டு, எக்செல், பேஜ்மேக்கர், போட்டோஷாப், குரோம், பி.டி.எஃப். ரீடர், தமிழ்த் தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டர், ஸ்கேனருக்கும் பிரிண்டர்களுக்கும் உரிய மென்பொருள்கள், வாட்ஸ்அப், நான் வீட்டிலிருந்தே பழுது பார்க்க எனிடெஸ்க். விண்டோஸோடு வருபவற்றை விட்டுவிட்டால் முப்பதைத் தாண்டவில்லை. முப்பது பெயரைக் காவல் காப்பதா, நாளொன்றுக்கு நாலரை லட்சம் பெயரைத் தேடுவதா என்று கேட்டால் கடைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதைச் செய்ய விண்டோஸிலேயே வழி உண்டு. 2001இல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே மென்பொருள் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. 2009இல் விண்டோஸ் 7 உடன், அனுமதித்த நிரல்களை மட்டும் ஓட விடும் ஆப்லாக்கர் வந்தது. ஆனால் ஆப்லாக்கர் அப்போது பெரு நிறுவனங்களுக்கான விலை உயர்ந்த பதிப்புகளில் மட்டுமே முழுமையாக வேலை செய்தது; நம் கடைகளில் இருப்பவையோ பெரும்பாலும் ஹோம் பதிப்புகள். 2022இல் விண்டோஸ் 11இல் வந்த ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் என்ற அதேபோன்ற காவல் வசதி ஹோம் பதிப்பிலும் உண்டு என்றாலும், புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில்தான் அது தொடங்கும் என்று வைத்தார்கள். எதை விடுவது என்பதையும் அங்கே மைக்ரோசாஃப்ட்தான் முடிவு செய்கிறது. கடைக்காரர் எழுதிய முப்பது பெயருக்கு அதில் இடமில்லை. அந்த இடைவெளியில்தான் சிறு நிறுவனங்களின் கருவிகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

சிக்கனமான ஒரு வழியும் உண்டு. அதிக நேரம் நான் கையாள்வது அதைத்தான். நிரல்கள் விண்டோஸ் கோப்புறையிலிருந்தும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலிருந்தும் மட்டுமே ஓடலாம் என்று ஒரு விதி. அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கு. அந்தக் கணக்கால் மேற்சொன்ன கோப்புறைகளில் பொதுவாக எதையும் எழுத முடியாது; எழுத முடிகிற இடங்களிலிருந்து எதையும் ஓட்ட முடியாது. பென் டிரைவிலிருந்தோ டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தோ வரும் நிரல் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சொல்வதற்கு எளிது. சில பழைய மென்பொருள்கள் அட்மின் உரிமை இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு ஒவ்வொன்றாக வழி செய்து கொடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

சீட்டு முறையிலும் ஓட்டைகள் உண்டு. நான் கட்டுரை தொடங்கிய அந்த ஷார்ட்கட் வைரஸையே எடுத்துக்கொள்ளலாம். அந்த வகைகளில் பல, தனி நிரலாக ஓடுவதில்லை. விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சில வரிகளாகப் பென் டிரைவில் கிடக்கின்றன. ஷார்ட்கட், விண்டோஸோடு வரும் வேறொரு நிரலைக் கூப்பிட்டு ‘இந்த வரிகளைப் படித்து அதன்படி செய்’ என்கிறது. கூப்பிடப்பட்ட நிரல் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது. முதல் வரிசைச் சீட்டு வைத்திருப்பது. அதைத் தடுக்கக் காவலுக்குக் காரணமில்லை. ஆகவே நிரல்களுக்கு மட்டும் விதி எழுதிவிட்டு இந்த வரிக்கோப்புகளை மறந்துவிட்டால், எந்த வைரஸுக்காக இத்தனை ஏற்பாடும் செய்தோமோ அதுவே உள்ளே வந்துவிடும். விபிஸ்கிரிப்டைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லும், வேர்டு கோப்புக்குள் ஒளிந்து ஓடும் மேக்ரோக்களும் அதே வேலையைச் செய்யக் காத்திருக்கின்றன. சீட்டோடு உள்ளே வந்தவர் பந்தலுக்குள் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கத் தனி ஆள் வேண்டும், அதாவது பழைய ஆன்டிவைரஸை முழுவதுமாக வழியனுப்பிவிட முடியாது.

அச்சடித்த கள்ளச் சீட்டும் உண்டு. ஈரானின் அணுச் செறிவூட்டல் இயந்திரங்களைக் குறிவைத்து 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரண்டு தைவான் நிறுவனங்களிடமிருந்து களவாடப்பட்ட மின்கையொப்பங்களைச் சுமந்து வந்தது. பிட்9 நிறுவனத்துக்கே நேர்ந்தது இன்னும் கசப்பானது. தன்னுடைய காவல் மென்பொருளைத் தன்னுடைய சில கணினிகளில் நிறுவ அந்த நிறுவனம் தவறிவிட்டது. அந்த வழியாக உள்ளே நுழைந்தவர்கள் அதன் கையொப்பத்தையே எடுத்துத் தங்கள் தீய நிரல்களில் இட்டார்கள். பிட்9 கையொப்பம் இருந்தால் எதையும் விடு என்பதுதான் அதன் வாடிக்கையாளர் கணினிகளில் இருந்த விதி. 2013 பிப்ரவரியில் நிறுவனமே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மூன்று வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தது. அதனால் அது மூழ்கிவிடவில்லை. 2014இல் கார்பன் பிளாக் என்ற மற்றொரு பாதுகாப்பு நிறுவனத்துடன் இணைந்து, பிறகு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, 2019இல் விஎம்வேர் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு 210 கோடி டாலருக்கு விலை போனது.

நம் பக்கத்துச் சிக்கலை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. கடைகளில் உள்ள போட்டோஷாப்பும் பேஜ்மேக்கரும் எத்தனை இடங்களில் காசு கொடுத்து வாங்கியவை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். காசு கொடுக்காமல் ஓட வைக்க ‘பேட்ச்’ போட்டுத் திருத்திய நிரலில் மூல நிறுவனத்தின் கையொப்பம் செல்லாது. நிரலை மாற்றிய அந்தக் கணமே அது உடைந்துவிடுகிறது. ஆகவே அதற்குக் கையொப்பச் சீட்டு தர முடியாது. குறியீட்டைப் பட்டியலில் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டியதுதான். அந்தப் பேட்சை எழுதியவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்று யார் கண்டது? அதை நிறுவும்போது ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று ஒரு குறிப்பும் கூடவே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டைப் பூட்டும் நேரத்தில் திருடன் உள்ளே இருந்தால் பூட்டு அவனுக்குத்தான் காவல். இந்தக் காரணத்தால்தான், இருக்கிற கணினியில் உள்ளதை உள்ளபடி பட்டியலிடும் வசதியை நான் பயன்படுத்தவில்லை. மூன்று கணினிகளையும் ஃபார்மட் செய்து, போட்டோஷாப்புக்குப் பதில் விலையில்லாத ஒரு படத் திருத்தி போதுமா என்று பேசிப் பார்த்தோம். பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எடுக்க அது போதும் என்று தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் போதாது என்று தட்டச்சுப் பெண் சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

இதற்கு முன்பே நம் பிரவுசிங் சென்டர்கள் அறிந்த வேறொரு சிறு நிறுவன உத்தியும் உண்டு. கனடாவின் ஃபாரோனிக்ஸ் வெளியிட்ட டீப் ஃப்ரீஸ், வைரஸைத் தேடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கணினியில் எது எழுதப்பட்டாலும் அதை ஒதுக்குப்புறமாக எழுத வைத்து, மறுபடி இயக்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. காலையில் திறக்கும்போது கணினி எப்போதும் முதல் நாள் போலவே இருக்கும். 2012இல் பல மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த மறதி வினையானது. யுபிஎஸ் பேட்டரி கைவிட்ட நொடியில் மாணவர்கள் டெஸ்க்டாப்பில் சேமித்திருந்த புராஜெக்ட் அறிக்கைகளும் சேர்ந்து மறைந்தன. அப்படி ஒரு சென்டரில் உட்கார்ந்து என் கோப்பையும் ஒரு முறை தொலைத்தவன் நான் என்பதால், கடைக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டியல் முறை ஓடத் தொடங்கியபின் கடையில் வைரஸ் தொல்லை குறைந்தது. தொலைபேசி அழைப்புகள் கூடின. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒன்றில் பழைய பிரிண்டர் படுத்துவிட, கடைக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கணினி நிறுவ விடவில்லை. “தம்பி, வைரஸ் கூட வேலை செய்ய விட்டுச்சு, உங்க காவக்காரன் விட மாட்டேங்குறானே” என்றார். நான் மேலூரில் வேறொரு வேலையாக நின்றுகொண்டு, எனிடெஸ்க் வழியாக உள்ளே போய் அனுமதி கொடுத்தேன். அதன்பிறகு புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு நிரலையும், தேதி, யார் கேட்டது, எதற்கு என்ற விவரங்களோடு எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டோம். பேப்பர் ரிம் கணக்கு எழுதும் மேசை இழுப்பறையில் அதுவும் இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர் கடைக்காரரிடம் எனிடெஸ்க்கைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சுதாரித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஆனால் திறந்திருந்தால் கணினி ஒரு சொல் கேட்டிருக்காது. அது நானே கொடுத்த சீட்டு. அன்று மாலையே நோட்டில் எனிடெஸ்க் என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கணினியிலிருந்தும் எடுத்தோம். இப்போது புதிய நிரல் எதையாவது சேர்க்க வேண்டுமானால் நான் திருநகரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். பெட்ரோல் காசையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார் கடைக்கார அண்ணன்.